மணலில் சாது, தாரில் முரடு

எங்கள் ஜீப் கெட்ட வழியில் ஒழுங்காகவும் ஒழுங்கான வழியில் கெட்டதாகவும் ஓடியது. இதை நான் சொன்னால் கேட்பவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சேற்றிலும் மூதூரைச் சுற்றிய மணலிலும் அது சொன்ன சொல் கேட்கும். கிண்ணியாத் துறையைக் கடந்து இந்தப் பக்கம் தார் ரோடு தொடங்கியதும் குணம் மாறிவிடும். வளைவில் நான் ஸ்டியரிங்கைத் திருப்புவேன், அது நேரே போகப் பார்க்கும். மிதியிலிருந்து காலை எடுத்தால் ஓர் உதறு உதறும். மற்றவர்கள் தார் ரோட்டைக் கண்டதும் சாய்ந்து உட்காருவார்கள். எனக்கு அங்கேதான் வியர்க்கத் தொடங்கும்.

அந்த ஜீப்பை வாங்கியதே என் மனைவிக்காகத்தான். அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் கணக்கெழுதும் லிகிதர். வீடு பாலையூற்றில். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவளுக்கு ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. கிழமை நாட்களில் அங்கே தெரிந்த ஒரு வீட்டில் தங்கினாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மூதூருக்கு வந்து, லாஞ்சியில் குடாவைக் கடந்து வீட்டுக்கு வருவாள். வாடைக்காற்று எழும்பினால் லாஞ்சி ஓடாது. முதல் மாரியிலேயே மூன்று வெள்ளிக்கிழமை அவளைக் காணவில்லை. நான் தனியாகப் பாணும் பருப்பும் தின்று சலித்துப்போனேன். வெள்ளிக்கிழமை என்றால் அவள் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய வாகனங்களை ஏலம் போட்ட ஓரிடத்தில் அந்த ஜீப் நின்றது. அதற்கு முன் நான் நண்பர்களின் காரை மட்டும் ஓட்டியிருக்கிறேன். ஜீப்பில் கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னத் தடிகள் இருந்தன. அவற்றின் குமிழில் இருந்த எழுத்துகள் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன. விற்றவர், "மணலுக்கெண்டால் இதைப் போடுங்கோ, நாலு சில்லும் இழுக்கும்" என்று ஒன்றைத் தள்ளிக் காட்டினார். அந்த முற்றம் முழுக்க மணல்தான், அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதைத் திரும்ப எடுப்பதைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு சில்லு இழுப்பதைவிட நாலு சில்லு இழுப்பது நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. படித்தவன் என்று பெயர்.

மறுநாள் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தோம். தேங்காய் உடைத்தாயிற்று, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. ஐயர் மஞ்சள் கயிறும் திருநீற்று முடிச்சும் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் கட்டப் போனார். "அது கைக்கு இடைஞ்சலாயிருக்கும் ஐயா, வேற எங்கையும் கட்டுங்கோ" என்றாள் மனைவி. ஐயர் சுற்றிப் பார்த்தார். அந்த இரண்டு சின்னத் தடிகளையும் சேர்த்து, ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, வடிவாக ஒரு முடிச்சுப் போட்டார். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அந்தத் தடிகளில் யாரும் கை வைக்கவில்லை. ஏறும்போது நான் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் சில வெள்ளிக்கிழமைகள் சந்தோஷமாகப் போயின என்று சொல்ல ஆசைதான். சேற்றில் பல் பருத்த கட்டை ரயர் கடித்துக்கொண்டு போகும்போது அவள் சிரித்தாள். ஆற்று வாய்களில் வாகனங்களை ஏற்றிக் கரை சேர்க்கும் தட்டைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். மூதூரிலிருந்து கிண்ணியா வரை அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள். மற்ற வாகனங்கள் துறைமணலில் புதைந்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, எங்களுடையது தானே ஏறிப் பாதையில் நின்றுவிடும். எனக்குப் பெருமை தாங்காது. கடைசித் துறை தாண்டித் தார் வந்ததும் அவள் பேச்சு நின்றுவிடும். முன்னால் இருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து இறங்கினால் உள்ளங்கை சிவந்திருக்கும். நான் கேட்டால், "ஒண்டுமில்லை" என்பாள்.

பிறகு ஒரு நாள் சீனன்குடாப் பக்கத்து வளைவில் அது நடந்தது. லேசான தூறல். நான் திருப்பினேன், ஜீப் திரும்பவில்லை. ரோட்டை விட்டுப் புல்லில் ஏறி, மதகுக்கு இரண்டு பாகத் தூரம் இருக்க நின்றது. யாருக்கும் காயமில்லை. அவளுடைய சாப்பாட்டுக் கரியர் கவிழ்ந்து, மீதியிருந்த மீன்குழம்பு அவள் சேலையில் கொட்டிவிட்டது. அவள் இறங்கி, புல்லில் நின்று, சேலையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"பள்ளிக்கூடத்து விடுதியில எனக்கு இடம் இருக்கெண்டு அதிபர் சொல்லுறார். அங்க இருக்கிற ரீச்சர்மார் சனிக்கிழமை வகுப்பும் எடுக்க வேணும். லீவுக்குத்தான் வீட்டை வரலாம். நான் இவ்வளவு நாளும் மாட்டனெண்டுதான் சொன்னனான்."

"இப்ப?"

"இது இப்பிடியே ஓடுமெண்டால் நான் அங்கேயே நிண்டிடுறன். உங்களில கோபமில்லை. எனக்குப் பயமாயிருக்கு."

கோபம் என்றால் சமாதானம் பேசலாம். பயத்துக்கு என்ன பேசுவது? ஜீப்பைத் திருத்துவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்கு இரண்டு ஆலோசகர்கள் வாய்த்தார்கள். ஒருவர் எங்கள் பெரிய லிகிதர். வாகனம் வைத்திருந்தவரல்ல, ஆனால் அதைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். மற்றவர் கிண்ணியாத் துறைக்குப் பக்கத்தில், வேப்ப மரத்துக்குக் கீழே கராஜ் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா. கை சுத்தமான வேலைக்காரர், துறையில் காத்து நிற்கும் வாகனங்களெல்லாம் அவரிடம்தான் போகும்.

பெரிய லிகிதர் கேட்ட மாத்திரத்தில், "காத்துக் காணாது. இறுக்கி அடியும்" என்றார். அடித்தேன். ஜீப் தாரில் துள்ளத் தொடங்கியது. நானாவிடம் போனேன். "ஆரு தம்பி இப்பிடிக் கல்லு மாதிரி அடிச்சது? இறக்குங்க" என்று இறக்கினார். பழையபடி ஆடியது. ஸ்டியரிங் மூட்டுகள் தேய்ந்துவிட்டன என்று அவற்றை மாற்றினார். ஆட்டம் குறைந்தது. வளைவில் நேரே போகும் பிடிவாதம் மட்டும் அப்படியே இருந்தது. ஜாக்கி வைத்து முன் சில்லைச் சுற்றிப் பார்த்து, "இறுக்கமாச் சுத்துது, பிரேக் பிடிக்குது போல" என்றார். பிரேக்கைக் கழற்றிப் பூட்டினார். பிரேக் முன்னையதைவிட நன்றாகப் பிடித்தது. இறுக்கம் போகவில்லை.

வேலை செய்யும்போது அவர் கை அந்த இரண்டு தடிகளுக்குப் பக்கத்தில் வரும், பிறகு விலகிவிடும். ஒரு முறை நான் கவனித்ததைக் கண்டு, "அது உங்கட கோயில் சாமான் தம்பி. எங்கட எண்ணெய்க் கை படப்படாது" என்றார். எனக்கு அவரில் மரியாதை கூடிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதர் என்று வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் நல்ல மனிதர் என்றாள்.

அடுத்தது உயரம். "உம்மட ஜீப் நிலத்திலயிருந்து எவ்வளவு மேல நிக்குது, அது வளைவில கவிழாமல் என்ன செய்யும்?" என்றார் பெரிய லிகிதர். வில்லுத் தகட்டில் இரண்டைக் கழற்றச் சொன்னார். நானா தலையில் கை வைத்தார். "தகட்டக் கழட்டினா சேத்துல வயிறு இடிக்கும். பாரம் காணாது, பின்னால பாரம் வைங்க." யார் சொல்வது சரி என்று எனக்கு விளங்கவில்லை. தகட்டைக் கழற்ற மனம் வரவில்லை. இரண்டு சாக்கில் மணலை நிரப்பிப் பின்னால் போட்டேன். வெள்ளிக்கிழமை மனைவி அதைப் பார்த்தாள்.

"மணலில நல்லா ஓடுது எண்டு மணலையே ஏத்திக்கொண்டு வாறீங்களோ?"

சாக்குகளும் பலன் தரவில்லை. திங்கட்கிழமை அவற்றை வேலிக்கருகே கொட்டினேன். இரவில் படுத்தால் கண்ணுக்குள் ஸ்டியரிங் சுற்றியது. ஒன்றைச் சரியாக்கினால் இன்னொன்று பிழையானது, பிழையானதைச் சரியாக்கினால் முதலாவது திரும்பி வந்தது. களஞ்சியத்துக்கு வரும் ஓட்டுநர் ஒருவரையும் விடாமல் கேட்டேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எல்லாக் கதையும் கேட்கும்போது சரியாகவே பட்டது. எனக்கு மண்டை காய்ந்துபோனது.

கடைசியில் பெரிய லிகிதரும் நானாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கட்டை ரயர் சேற்றுக்குத்தான், தாருக்குத் தார் ரயர் வேண்டும். அது எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடான காலம். புது ரயர் கனவிலும் கிடையாது. ஒரு மாதம் அலைந்து, ஓரளவு நல்ல பழைய ரயர் இரண்டு தேடி எடுத்தேன். நாலு கிடைக்கவில்லை. "திருப்பிறது முன் சில்லுதானே, ரெண்டையும் முன்னுக்குப் போடுவம்" என்றார் நானா. போட்டோம். தார் ரயர் கட்டை ரயரைவிட உயரம் கொஞ்சம் குறைவு. ஜீப் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

அன்று ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். வளைவு இல்லாத நேர் ரோட்டிலேயே ஜீப் உறுமியது. அடியில் ஏதோ இறுகி இறுகிப் பிறகு டொக்கென்று விட்டது. ரயர் தாரில் கீச்சிட்டது. இவ்வளவு நாளும் ஒரு முரட்டுத்தனம் இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது. ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு, கீழே குனிந்து பார்த்தேன். பார்த்தால் என்ன தெரியும்? எல்லாம் கிறீஸும் மண்ணுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒரு வாகனத்தை நேரே ஓட வைக்கத் தெரியாத ஒருவன் எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறான் என்றெல்லாம் யோசித்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கிண்ணியா வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. எங்களுக்கு முன்னால் லொறிகள் மூன்று. நானாவின் கராஜுக்கு எதிரே நிறுத்திக் காத்திருந்தோம். அவள் வழக்கத்தைவிடக் குறைவாகவே பேசினாள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது கறுத்துப் போச்சு. எட்டு மாசமாகுது. அவிழ்க்கட்டோ?"

"உமக்கு விருப்பமெண்டால் அவிழும்."

"எனக்கென்ன விருப்பம்? நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் தொட்டுக் கும்பிடுறனீங்கள்."

"நீர் பாத்துக்கொண்டு நிக்கிறீர் எண்டுதான் கும்பிட்டனான். தனிய வரேக்க நான் தொடுறதில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள் கும்பிடுறீங்கள், இடையில ஏறப்படாதெண்டுதான் நான் நிண்டனான்" என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அந்த ஜீப்பில் கேட்ட சிரிப்பு. அவள் பல்லும் நகமுமாக முடிச்சை அவிழ்த்தாள். திருநீற்று முடிச்சைத் தனியே எடுத்துக் கைப்பையில் வைத்தாள். கயிற்றைத் தன் பக்கத்துக் கம்பியில், பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டினாள். தூர எறிய அவளுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த நானா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கயித்த அவுத்துட்டீங்களா? அப்ப இனி நான் தொடலாமா?"

"தொடுங்கோ நானா."

அவர் கோப்பையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, சின்னத் தடிகளில் ஒன்றைப் பிடித்து அசைத்தார். அது அசையவில்லை. அவர் முகம் மாறியது. ஜீப்புக்குக் கீழே போய்ப் படுத்தார், எழும்பி வந்தார், திரும்பவும் தடியைப் பார்த்தார்.

"தம்பி, இது போட்டபடி கிடக்கு. எப்ப போட்டது?"

"வாங்கின நாள்."

"அண்டையில இருந்து எடுக்கல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். நானா பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதப் போட்டா முன் சில்லும் பின் சில்லும் ஒண்டா பிணைஞ்சிரும். மணலுக்க சில்லு வழுக்கிச் சமாளிச்சிரும். தார் வழுக்க உடாது. வளைவுல முன் சில்லு கூடத் தூரம் ஓடணும், பின் சில்லு உடாது. ஒண்ட ஒண்டு இழுத்துச் சண்டை பிடிக்கும். அதுக்க நாம சின்ன ரயர் வேற போட்டம்." சாரத்தில் மறுபடி கையைத் துடைத்தார். "சில்லு இறுக்கமாச் சுத்துன அண்டைக்கே எனக்கு விளங்கியிருக்கணும். கயிறு கட்டிக் கிடக்குது, பாவிக்காத தடியாக்கும் எண்டு நினைச்சன். கேட்டா மனசு நோகுமோ எண்டு கேக்கல்ல."

பிழை யாருடையது என்று தேடினால், எல்லாரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதைதான் அகப்பட்டது. அதன்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபம் மட்டும் வந்தது. போக இடமில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

ஜீப்பைக் கொஞ்சம் பின்னுக்கு விடச் சொன்னார். விட்டேன். அடியில் டக்கென்று ஒரு சத்தம், தடி வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. பாதையில் ஏறுவதற்குத் திரும்பப் போட்டு, அக்கரை மணல் தாண்டியதும் எடுக்கச் சொன்னார். அப்படியே செய்தேன்.

தார் தொடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வளைவில் திருப்பினேன். ஜீப் திரும்பியது. அவ்வளவுதான், திருப்பினால் திரும்பியது. அடுத்த வளைவிலும் அப்படித்தான். உதறல் இல்லை, கீச்சு இல்லை. சீனன்குடாவில் மதகைத் தாண்டும்போது பெருமையோடு அவளைப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மடியில் விரிந்து கிடந்தன, கம்பியை யாரும் பிடிக்கவில்லை. எனக்கு உலகத்தையே வென்றுவிட்டது போல இருந்தது. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தியும் அவளை எழுப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிடும்போது அவள் சொன்னாள். "நான் விடுதிக்கு எழுதிக் குடுத்திட்டன்."

"எப்ப?"

"நேற்று."

"அதைத் திருப்பி வாங்கும். ஜீப்தான் இப்ப நல்லா ஓடுதே."

"ஏலாது. இன்னொரு ரீச்சர் தன்ர கட்டிலை மாத்தி எனக்கு இடம் விட்டவ. அதிபர் சனிக்கிழமை வகுப்பும் போட்டிட்டார். இந்தத் தவணை முடியுமட்டும் ஒண்டும் செய்ய ஏலாது."

"ஒரு நாள் பொறுத்திருக்கலாமே" என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "எட்டு மாசம் பொறுத்தனான். தார் ரோட்டில ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைச்சனான். நீங்கள் ஊரில எல்லாரையும் கேட்டீங்கள். என்னை ஒரு நாள் கேட்டனீங்களோ, அந்தக் கயிறை அவிழ்ப்பமோ எண்டு?"

"நீரும் கேக்கேல்லையே."

"ஓம்," என்றாள், "நானும் கேக்கேல்ல."

அந்தப் பள்ளித் தவணை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனேன். விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கூட விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கதைப்போம். பொழுது சாயமுன் புறப்பட்டுவிடுவேன். நானா முன்னுக்குப் பழைய கட்டை ரயரையே போட்டுத் தந்திருந்தார். ஜீப் ஒரு விரலில் ஓடியது. பெரிய லிகிதர் தன் ஆலோசனையால்தான் அது திருந்தியது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுக்கும் தெம்பு எனக்கு இல்லை.

ஒரு ஞாயிறு, கிண்ணியாத் துறை தாண்டி, தாரில் வந்துகொண்டிருக்கும்போது அந்தத் தடியைத் தள்ளிப் போட்டேன். ஜீப் பழையபடி உறுமியது. ஸ்டியரிங் கையை எதிர்த்தது. பக்கத்து வெறும் கதிரைக்கு முன்னால் கம்பி கடகடவென்று ஆடியது, அதில் அவள் கட்டிய கயிறும் ஆடியது. சீனன்குடா மட்டும் அப்படியே ஓட்டினேன். ஏன் செய்தேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வளைவுக்கு முன்னால் நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்கு விட்டு, தடியை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.